கதவுக்கு முட்டுக் கொடுத்த டம்பெல்

ஆசிரியருக்கு, வணக்கம்.

புத்தாண்டு பிறந்தாலே ஆண்களுக்கான அறிவுரைகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. அதிகாலை 4 மணிக்கு எழு, பச்சைத்தண்ணீரில் குளி, 21 நாளில் ஆளே மாறிவிடலாம்! நானும் ஒரு ஜனவரி 1-ல் ஜோடி டம்பெல் வாங்கியவன்தான். இப்போது ஒன்று கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. இன்னொன்றைக் காணோம்.

அந்த 21 நாள் கணக்கே சரியில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. பிப்ரவரியில் சோர்ந்துபோகிறவர் சோம்பேறி இல்லை, பாதி வழியில் இருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் மலையைப் புரட்டுகிற வேலை அல்ல. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வேலை.

சரி, இதையாவது எழுதுகிறார்கள். ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வதைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. அது கூடினாலும் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. மனைவிக்குத் துணையாக மருத்துவமனை போன இடத்தில் சும்மா கையை நீட்டினேன். நர்ஸ் பட்டையை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். 150/96. “தலைவலி, மயக்கம் ஏதாவது?” என்றார். ஒன்றுமே இல்லை. நண்பர்களிடம் சொன்னபோது ஐந்து பேரில் நால்வர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றார்கள், அதுவும் பெருமையாக!

உங்கள் புத்தாண்டு இணைப்பில் கட்டுமஸ்தான உடம்புக்கு அரைப்பக்கம் கொடுத்திருந்தீர்கள். அடுத்த முறை ஒரு மூலையை இதற்கும் ஒதுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்