குக்ரியில் பிழைத்தவர்களின் குரல் நமக்கு வேண்டும்

இந்தியக் கடற்படையின் வரலாற்றைப் பதிவு செய்யும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

டையூவில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறு குன்று. அதன்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மூழ்கிய நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரியின் மாதிரி இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அந்தக் கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லாவைப் பற்றித் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள். தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, கப்பலோடு போன மனிதர் அவர். வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது அவருக்குக் கிடைத்ததில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. இந்த மடல் அந்த இரவில் பிழைத்து வந்தவர்களுக்காக.

1971 டிசம்பர் 9. இரவு ஒன்பது மணியை நெருங்கும் நேரம். பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்கள்தான், கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். 67 பேர் பிழைத்தார்கள்.

அந்தச் சில நிமிடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்து, சாய்ந்துகொண்டே போகும் கப்பல். கீழ்த்தளத்தில் இருப்பவன் ஏணியைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே குறுகலான திறப்பு. அதில் முட்டி மோதும் தோள்கள். வெளியே வந்து குதித்தால் இருட்டுக் கடல். ஐஎன்எஸ் கச்சல் என்ற நம் இன்னொரு கப்பல் வந்து மீட்கும்வரை விடிய விடிய அதில் கிடந்திருக்கிறார்கள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த குரல் எப்போது நின்றது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முல்லாவின் கடைசி நிமிடங்களே இவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதால்தான் நமக்குத் தெரிந்தன. அவரைப் பற்றிக் கேட்ட நாம், "உங்களுக்கு என்ன ஆனது?" என்று அவர்களிடம் போதுமான அளவு கேட்டோமா? அதிகாரிகளின் நினைவுகளாவது அங்கங்கே அச்சில் வந்தன. இயந்திர அறையில் வேலை பார்த்தவர், சமையல்காரர், சிக்னல் பார்த்தவர் என்று கீழ்நிலையில் இருந்தவர்களின் வாய்மொழி எங்கே?

அன்று 20 வயதில் இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இனி தள்ளிப்போட நேரமில்லை.

ஆகவே கேட்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் வீட்டுக்கே போங்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொல்லி நெருக்காதீர்கள். தமிழோ மலையாளமோ பஞ்சாபியோ, அவரவர் தாய்மொழியிலேயே பேசவிட்டு முழுசாகப் பதிவு செய்யுங்கள். பயந்ததை, அழுததை, யாரையோ காப்பாற்ற முடியாமல் போனதைச் சொன்னால் வெட்டிவிடாதீர்கள். இறந்தவர்களின் மனைவி, பிள்ளைகளிடமும் கேளுங்கள். தந்தி வந்த நாளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே பதிவு செய்தவை கோப்பில் இருந்தால், அவற்றையும் மக்கள் கேட்கும்படி வெளியிடுங்கள்.

அதே பெயரில் பின்னால் வந்த குக்ரி, பணி முடித்து 2022இல் அருங்காட்சியகத்துக்காக டையூ நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கப்பலுக்குள் ஓர் அறையை இந்தக் குரல்களுக்கு ஒதுக்குங்கள். இறந்த 194 பேரின் பெயர்களையும் அங்கே எழுதுங்கள். பக்கத்திலேயே பிழைத்த 67 பேரின் பெயர்களும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
டையூ குன்றில் நின்று திரும்பிய ஒரு குடிமகன்