பனை நிற்பதும் கேரளாதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்த கேரளச் சுற்றுலா இணைப்பைப் புரட்டினேன். படகு வீடு, தேயிலைத் தோட்டம், மறுபடியும் படகு வீடு.

கோயம்புத்தூரில் ஆள் ஏற்றிக்கொண்டு எல்லை ஊரான வேலந்தாவளம் வழியாகக் கேரளாவுக்குள் வாடகை வண்டி ஓட்டுகிறவன் நான். சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்சீட்டிலிருந்து கேள்வி வரும்: "அண்ணே, கேரளா எப்பண்ணே வரும்?" வந்தாச்சு என்றால் நம்ப மாட்டார்கள். வெளியே கரிசல் மண், வரப்பு நெடுகப் பனை, கடைப் பலகையில் தமிழ். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நீங்கள் போடுகிற படம் அப்படி.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது. மேகத்தை மறித்து நிறுத்த, எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கிற எங்களுக்கு நேரே மலை இல்லை. ஆடி மாதம் காற்று மட்டும் வஞ்சனை இல்லாமல் வரும். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். தெற்கே நெல்லியாம்பதி மலைமேல் மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும், இங்கே எங்கள் பக்கத்து ஊர் எருத்தேம்பதியில் புழுதி பறக்கும். பாசனத்துக்கு ஆழியாற்றுத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதே சாலையில் மேற்கே போனால் சித்தூர்ப் பக்கம் நெல், வடக்கஞ்சேரியில் ரப்பர், குதிரான் குகைப்பாதை, திருச்சூர் தாண்டியதும் கோள் வயல். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம் அது. மழைக்காலம் முழுக்க ஏரி மாதிரி கிடக்கும். 'பெட்டியும் பறையும்' என்று ஒரு இறவைப் பொறி, பெரிய மரப்பெட்டி வழியாகத் தண்ணீரை மேலே தூக்கி வாய்க்காலில் கொட்டும். வயல் வடிந்த பிறகுதான் நடவே. நான் வண்டியை நிறுத்துகிற இடம் இது. அப்புறம் நாட்டிகையில் கடல். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் இத்தனையும் பார்த்துவிடலாம். எந்த இணைப்பிலும் இது வந்ததில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டில் பனை மாநில மரம். வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். இந்தப் பக்கம் கேரளாவில் அந்தப் பட்டம் தென்னைக்கு. எங்கள் பனைகள் துண்டு துண்டாக லாரியில் போகின்றன. படம் எடுப்பதானால் சீக்கிரம் எடுங்கள்.

ஆடியில் ஆள் அனுப்புங்கள். வாடகை வேண்டாம், டீசல் போட்டால் போதும்.

இப்படிக்கு,
வாடகை வண்டி ஓட்டுநர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.