விட்டதைப் பிடிக்காதே

ஆரியங்காவு
புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். பாலருவியில் தண்ணி நல்லா விழுது. அக்கா வீட்டுக் கூரை வேலை முடிஞ்சுது. நீ போன தடவை வந்தப்போ கையில மோதிரம் இல்லை. நான் கேட்கலை, இப்பவும் கேட்கலை. பொதுவா சில விஷயம் எழுதுறேன், படிச்சுக்கோ.

கேரளா லாட்டரிச் சீட்டு விக்கிறவ இதைச் சொல்றாளேன்னு சிரிக்காதே. விக்கிறவளுக்குத்தான் தெரியும். டீ குடிச்ச மிச்சத்துல காலையில ஒரு சீட்டு வாங்கிட்டுப் போறவர் பத்து வருஷமானாலும் அப்படியே இருப்பார். மூணு மணிக்கு திருவனந்தபுரம் கார்க்கி பவனில் குலுக்கல் முடிஞ்சு, ரிசல்ட் பார்த்து, சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அதே நிமிஷம் நாளைக்கு பத்து சீட்டு கேட்கிறார் பாரு, அவர் விட்டதைப் பிடிக்க வர்றார். நூறு ரூபா அடிச்சாலும் கையில வாங்க மாட்டார், "அதுக்கு ரெண்டு சீட்டே கொடு"ம்பார்.

கடைசி நாலு நம்பர் 5287 வந்துச்சு, என்கிட்ட 5278 இருந்துச்சு, ஒரு நூல்ல போச்சுன்னு சொல்வாங்க. நூலும் இல்லை கயிறும் இல்லை. அந்தக் குலுக்கல் மெஷின்ல ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனி சக்கரம். நேத்து வந்தது அதுக்கு ஞாபகம் இருக்காது. பழைய ரிசல்ட்டை நோட்டுல எழுதிவெச்சு "இந்த நம்பர் வர வேண்டிய நேரம்"னு கணக்குப் போடுறது வீண். செட்டு வாங்குறதும் அப்படித்தான். ஒரே நாலு நம்பர்ல பன்னிரண்டு சீட்டு, 600 ரூபா. அந்த நாலு நம்பர் விழுற வாய்ப்பு ஒரு சீட்டுக்கு எவ்வளவோ, பன்னிரண்டுக்கும் அவ்வளவுதான். போனா பன்னிரண்டும் சேர்ந்து போகும்.

இதைவிடக் கேடு மூணு நம்பர், அதாவது லாட்டரி ரிசல்ட்டோட கடைசி மூணு நம்பரை வெச்சுக் கட்டுற பந்தயம். சீட்டே கிடையாது, போன்ல எழுதிக்குவான், கடனுக்கும் எழுதுவான். சட்டத்துக்கும் புறம்பு. அதுல 0-ல இருந்து 9-க்குள்ள ஒத்தை நம்பருக்கு முதல் நாள் 50, விட்டா 100, அப்புறம் 200ன்னு இரட்டிச்சா, ஏழாம் நாள் 3,200 கட்டணும். மொத்தம் 6,350 போயிருக்கும். ஏழு நாளும் அந்த நம்பர் வராமப் போறது அதிசயமில்லை, பாதிக்குப் பாதி நடக்கும். எட்டாம் நாளுக்கு 6,400 வேணும். மோதிரம் அடகுக்குப் போறது அந்த இடத்துலதான்.

பன்னிரண்டாவது முடிச்சதும் சொந்தமா வேலை தேடிக் களமசேரிக்குப் போனவன் நீ. அக்கா கல்யாணக் கடன்ல பாதி அடைச்சதும் நீதான். ஊரே சொல்லுது. அந்தக் கணக்குத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா?

வாங்கித்தான் ஆகணும்னா வாரத்துக்கு ஒரு சீட்டு, 50 ரூபா, சினிமா டிக்கெட் மாதிரி போன காசு. அந்த அம்பது ரூபா நோட்டோட மட்டும் கடைக்குப் போ, போனை ரூம்லயே வை. ஜிபேல கொடுத்தா எவ்வளவு போச்சுன்னே கைக்குத் தெரியாது. தோத்த அன்னிக்கு வாங்காதே, ராத்திரி தூங்கி எழுந்தப்புறம் யோசி. கடன் வாங்கி வாங்காதே. அடிச்ச காசுல வாங்காதே. கடன் வாங்கி மட்டும் வாங்காதே.

பெரிசா அடிச்சா எல்லாம் தீர்ந்துடும்னு நினைப்பு இருக்கும். ஒரு கோடி அடிச்சாலும் ஏஜென்ட் கமிஷன் கழிப்பாங்க, மிச்சத்துல வரி முப்பது சதவீதம். செங்கோட்டையில இருந்து மலையேறி வர்றவங்ககிட்டயும் இதைத்தான் சொல்றேன். அங்கே தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரியைத் தடை பண்ணியாச்சு, ஆனா ஆசையைத் தடை பண்ண முடியலையே.

கை நிக்கலைன்னா 14416க்கு ஒரு போன் போடு. அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயும் மலையாளத்துலயும் பேசுவாங்க. என்கிட்ட சொல்ல வெட்கமா இருந்தா அவங்ககிட்டயாவது சொல்லு.

சம்பளம் விழுந்த அன்னிக்கே கூரைக்கடன் தவணையை அக்கா கணக்குக்கு நேரே போட்டுடு. எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டாம், நான் அவகிட்டயே கேட்டுக்கிறேன்.

அம்மா