டயர் போட்டது ஒருவர், சென்சாருக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் டயர் வெடித்து லாரி கவிழ்ந்த செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. வெயில், ஓவர்லோடு, தேய்ந்த டயர் என்று காரணமும் போடுகிறீர்கள், எல்லாம் சரிதான். ஆனால் காற்று இறங்கினால் டிரைவருக்கு முன்கூட்டியே சொல்லத்தான் இப்போது சில லாரிகளில் சென்சார் வைக்கிறார்கள், அது டயர் மாற்றிய அன்றிலிருந்தே உளற ஆரம்பிக்கிறது என்பதை யாரும் எழுதக் காணோம். நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவன் நான், எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

என் வண்டி பத்து சக்கரம், டியூப்லெஸ். ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சென்சார் இருக்கிறது. வழக்கம்போல முன்னால் புது டயர் போட்டு, முன்னால் ஓடியதை ரிம்மோடு கழற்றிப் பின்னால் மாட்டினார்கள். பில் போட்டார்கள், வண்டி கிளம்பிவிட்டது. தொப்பூர் தாண்டுவதற்குள் 'முன் இடது டயரில் காற்று குறைவு' என்று அலாரம். டிரைவர் ஓரங்கட்டி கேஜ் வைத்துப் பார்த்தால் காற்று சரியாக இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் அலாரம். கடைசியில் கத்தல் தாங்காமல் டிஸ்பிளே வயரையே பிடுங்கிவிட்டார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது பின்னால் ஜோடியாக இருக்கும் சக்கரங்களில் உள்பக்கத்து டயரில். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் கை வைத்துப் பார்த்தபோது சூடு தெரிந்ததால் தப்பித்தோம். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று காற்று இல்லாமல் இருந்தால் அதன் பாரத்தையும் பக்கத்து டயர்தான் சுமக்கும், வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி நம்பர் உண்டு, எந்த நம்பர் எந்தச் சக்கரத்தில் என்று வண்டியில் உள்ள பெட்டி நினைவில் வைத்திருக்கும். சென்சார் இருப்பது ரிம்மில், டயரில் இல்லை. ரிம் முன்னிருந்து பின்னால் போனால் சென்சாரும் கூடவே போகும், பெட்டிக்கு மட்டும் அது தெரியாது. கையில் பிடிக்கிற ஒரு கருவியை வைத்து அதற்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும், பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் டயர் கடையில் அந்தக் கருவியும் இல்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்ற பேச்சும் இல்லை.

இன்னொரு சக்கரத்துக்கு டிஸ்பிளேயில் வெறும் கோடுதான் வந்தது. டயரைக் கழற்றும்போது லீவர் பட்டு சென்சார் உடைந்திருக்கிறது. வால்வு எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்குத் தள்ளி லீவர் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. கடைக்காரர் "நான் டயர்தான் சார் விற்றேன், சென்சாரை கம்பெனியில் கேளுங்க" என்றார். சர்வீஸ் சென்டரில் "வெளியில் கழற்றினதுக்கு வாரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டார்கள்.

டயர் மாற்றும்போது வால்வின் ரப்பர் வாஷர், நட், உள்ளே இருக்கும் வால்வு பின் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். அலுமினிய வால்வில் சாதாரணப் பித்தளைப் பின் போட்டால் கொஞ்ச நாளில் அரித்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், நிக்கல் பூசிய பின்தான் போடணும். பஞ்சருக்கு ஊற்றுகிற திரவம் சென்சார் துளையை அடைத்துவிடும். சென்சார் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, 5 முதல் 10 வருடம் வரை வரும், அப்புறம் சென்சாரே புதுசுதான். பழைய டியூப் டயர் வண்டிகளுக்கு வால்வு மூடி மாதிரி வெளியே திருகுகிற சென்சார் விற்கிறார்கள். அதில் பாதி திருட்டுப் போகிறது, மீதி கல் பட்டு உடைகிறது!

அலாரத்தை நம்பாத டிரைவர் பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறார். மதியம் டயரைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதே என்று கொஞ்சம் காற்றைத் திறந்து விடுகிறார். காலையில் 30 டிகிரியில் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பிடித்த டயர், ஓடி 65 டிகிரிக்கு வந்தால் சுமார் 135 காட்டும், அது இயல்பு. அதை 120க்கு இறக்கினால் மறுநாள் காலை ஆறியபோது 106தான் இருக்கும், அதோடு லோடு ஏற்றிக் கிளம்புகிறார்கள். டயர் வெடிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கிற புது லாரி, டிரெய்லர் எல்லாவற்றுக்கும் இந்தச் சென்சார் கட்டாயம். இங்கே 2020-ல் வந்த விதி 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிகளைப் பற்றியது, சென்சாரும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்றது. நாளைக்கு லாரிக்கும் கட்டாயம் என்று வரலாம், வரட்டும். அதற்கு முன் டயர் விற்கிற கம்பெனிகள் தங்கள் டீலர் கடைகளுக்கு அந்தக் கருவியைக் கொடுத்து ஆட்களுக்குப் பழக்க வேண்டும். எந்த நம்பர் சென்சார் எந்தச் சக்கரத்தில் மாட்டப்பட்டது என்று பில்லிலேயே எழுதித் தர வேண்டும், உடைத்தால் உடைத்தவர் மாற்றித் தர வேண்டும். எங்கள் லாரி உரிமையாளர் சங்கங்களும் வாடகை, டீசல், டோல் பேசுகிற கூட்டத்தில் இதையும் ஒரு தடவை பேசலாம். உங்கள் நிருபர் யாராவது சேலம், நாமக்கல் டயர் கடைகளுக்குப் போய் அந்தக் கருவி எத்தனை கடையில் இருக்கிறது என்று கேட்டு எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்,
நாமக்கல்