தஞ்சாவூர் கிதார் பயிலரங்குக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தஞ்சாவூர், திருவையாறு நண்பர்களுக்கு,

வணக்கம். சுற்றுப்பயணம் முடிந்து பினாங்குக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஊர் ஊராக ஓடும்போது நன்றியை வாசலிலேயே அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அப்படிச் சொன்னது போதாது. பயிலரங்கில் எடுத்த படங்களில் எல்லாம் கிதாரோடு நான்தான் நடுவில் இருக்கிறேன். அந்த நாளைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் படத்திலேயே இல்லை. பெயர் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உழவன் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூரில் வந்து நின்றபோது இன்னும் விடியவில்லை. அந்த இருட்டில் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்த மாணவர்களுக்கு முதல் நன்றி. கிதார் பெட்டியை ஆட்டோவின் பின்னால் போட விடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். ஆனால் அதற்கு முன்பே, பயணத்தில் எங்கோ அது அடிபட்டிருக்கிறது. தங்கிய வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் நட் இரண்டாக உடைந்து கிடந்தது.

கிதார் வாசிக்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தின் மேல்முனையில், கம்பிகள் முறுக்காணிக்குப் போவதற்கு முன் ஏறி உட்காரும் சின்னத் துண்டுதான் நட். என் கிதாரில் அதன் நீளம் 44 மில்லிமீட்டர். அதில் ஆறு காடிகள். ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கும். காடி கொஞ்சம் ஆழமாகிவிட்டால், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் கம்பி பட்டு இரையும். ஆழம் குறைந்தால் முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போதே சுருதி ஏறிவிடும். பத்து மணிக்குப் பயிலரங்கு. பெரிய நகரங்களிலேயே இந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க ஒரு நாள் போய்விடும்.

"தஞ்சாவூர்ல உட்கார்ந்துக்கிட்டு இதுக்கா கவலைப்படுறீங்க?" என்றார் அந்த வீட்டு ஐயா. காபியைக் கையில் கொடுத்த அம்மா அதற்குள் யாருக்கோ போன் செய்துவிட்டார். ஏழு மணிக்கெல்லாம் வீணைப் பட்டறையில் இருந்தோம்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்திருக்கிறேன். பாதி குடைந்த பலாமரக் குடங்கள் வரிசையாகக் கிடக்கும் தரையில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பட்டறை ஐயா, நீங்கள் அதுவரை கிதாருக்கு நட் செய்ததில்லை என்று நேராகவே சொன்னீர்கள். உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, காகிதத்தில் அச்சு எடுத்து, ஒரு கருங்காலித் துண்டை அறுத்து அரம் போட ஆரம்பித்தீர்கள். ஒவ்வொரு காடிக்கும் அளவுகோலைக் கொஞ்சமும் காதை அதிகமும் நம்பினீர்கள். அரம் போடுவது, கம்பியை ஏற்றுவது, மீட்டிக் கேட்பது, மறுபடி இறக்குவது என்றே போனது. நான் சரி என்று சொன்ன பிறகும், "நாலாவது கம்பி இன்னும் தெளியல" என்று மறுபடி கழற்றினீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. மரத்துக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். அந்தக் கருங்காலி நட்டோடுதான் மிச்சச் சுற்றுப்பயணம் முழுவதும் வாசித்தேன். இதை எழுதும்போதும் அது கிதாரில்தான் இருக்கிறது. மாற்றப்போவதில்லை.

அப்புறம் நீங்கள் செய்தது அதைவிடப் பெரிது. நட் மேடையில் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்க வந்தவர், பயிலரங்கில் கடைசிவரை உட்கார்ந்துவிட்டீர்கள்.

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்றோடு தொடங்கினேன். ஆங்கிலேயர் இசையைக் கேட்டு, அந்த இசைக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் பாடல் வரிகள் எழுதியவை ஏறத்தாழ 40 உண்டு. எல்லாம் சங்கராபரண ராகத்தின் நேரான சுரங்கள், சுரத்தை அசைத்து இழுக்கும் கமகம் கிடையாது. கிதாருக்கென்றே எழுதியதுபோல விரலில் உட்காரும். எல்லோரும் கூடவே பாடினார்கள். உடனே நாகஸ்வரம் படிக்கும் மாணவி எழுந்து, "இது சங்கராபரணத்தோட சுரம்தான், ஆனா சங்கராபரணம் இல்லையே?" என்று கேட்டு, காந்தாரத்தை (க சுரத்தை) அசைத்து ஒரு பிடி பாடிக் காட்டினாள். என் பயிலரங்குகளில் இவ்வளவு கூர்மையான கேள்வி வருவது அபூர்வம். அந்தக் கேள்விக்கு அவளுக்குத் தனியாக நன்றி. தயாரித்துக் கொண்டுவந்த குறிப்புகளை அங்கேயே மூடிவைத்தேன்.

தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்தபோது, கமகத்தை எப்படி வரவழைப்பது என்ற இந்தச் சிக்கல் எழவில்லை. வயலினில் மெட்டே, அதாவது ஃப்ரெட்டே, கிடையாது. விரல் எங்கும் வழுக்கிப் போகலாம். கிதாரில் ஃப்ரெட் இருப்பதால்தான் கமகம் வராது என்று பலர் நம்புகிறார்கள். நான் பதில் சொல்லத் தொடங்கும் முன் பட்டறை ஐயா, "மெட்டு வீணைலயும்தான் இருக்கு. இருபத்திநாலு" என்றார். அனுப்பத் தயாராக இருந்த வீணை ஒன்றை ஒரு தம்பி பட்டறையிலிருந்து வண்டியில் கொண்டுவந்துவிட்டான். ஐயா ஒரே மெட்டில் கம்பியை ஓரமாக இழுத்து, அடுத்தடுத்த சுரங்களைக் கேட்க வைத்தார். வீணையின் மெட்டு உயரம். கீழே பலகையில் விரல் உரசாது, கம்பி தாராளமாக நகரும். கிதாரில் ஃப்ரெட் தாழ்வு, விரல் பலகையில் மோதுகிறது. இழுத்தாலும் நாதம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. மாண்டலின் ஸ்ரீனிவாஸும் கிதார் பிரசன்னாவும் மின்கருவியில் வாசித்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன், மின்கருவியில் நாதம் நீண்டு நிற்கும். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதையும், சுருதிக்கு ஏற்ப அவற்றை நகர்த்தி வைக்க முடிவதையும் ஐயா காட்டியபோது, கிதார் மாணவர்கள் மேடையைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். கணக்குப் போட்டு அறைந்த ஃப்ரெட்டையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது புது உலகம். எனக்கும்தான்.

நடுவில் மின்சாரம் போனது. மண்டபப் பொறுப்பாளர் அண்ணன் ஜெனரேட்டர் சத்தம் வேண்டாம் என்று தானே முடிவு செய்து, எல்லா நாற்காலிகளையும் மரத்தடிக்கு மாற்றிக் கொடுத்தார். மைக் இல்லாமல் நடந்த அந்தப் பகுதிதான் அன்றைக்குச் சிறந்தது. இலை போட்டுப் பரிமாறிய அக்காக்களுக்கும் நன்றி. கதம்ப சாம்பாரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

மாலையில் திருவையாறு. வேன் ஓட்டிய தம்பி, சாலையில் பாதியை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்த குறுவை நெல்லின் மேல் ஒரு சக்கரமும் ஏறாமல் ஓட்டினான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலத்திலும் வேகத்தைக் குறைத்து, ஆற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான். நேரமாகிவிட்டது என்று ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

அங்கே நாகஸ்வர, தவில் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்ததை நான் என்றும் மறக்க மாட்டேன். நாகஸ்வரத்தின் சுருதி இரண்டரைக் கட்டை. கிதாரை ஷட்ஜம், பஞ்சமமாக (ச, ப) சேர்த்து, முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டதும் சுருதி ஒட்டியது. ஆனால் திறந்த வெளிக்கென்றே உருவான அந்த வாத்தியங்களின் முன்னால் கிதார் எங்கே கேட்கும்? நாகஸ்வர அண்ணன் ஊதுவதை அவ்வளவு தணித்து வாசித்தார். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும், சத்தமாக வாசிப்பதைவிட அது எவ்வளவு மூச்சு கேட்கும் வேலை என்று. தவில் ஐயா ஒரு படி மேலே போனார். விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, தவிலை ஓரமாகத் தள்ளி, மோகன ராகம் முடியும்வரை, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் சொன்னார். அவர் ஊரில், அவர் ரசிகர்கள் முன்னால், ஒரு விருந்தாளியின் சின்னச் சத்தம் கேட்கட்டும் என்று தன் வாத்தியத்தையே கீழே வைத்தார். ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

இரவு வண்டியில் ஏறும்போது அசோகா அல்வா பொட்டலத்தைக் கையில் திணித்தவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவருக்கும் நன்றி.

உங்களிடம் விட்டுவந்த இன்னொரு கிதார் இனி மாணவர்களுடையது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறி மரம் ஊதும், அதனால் சுவரோரம் சாய்த்து வைக்காமல் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாள்கணக்கில் வாசிக்காமல் வைப்பதானால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். புதுக் கம்பிகளை அடுத்த மாதம் ஊருக்கு வரும் உறவினர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதன் நட்டையும் ஒருமுறை பட்டறை ஐயாவிடம் காட்டிவிடுங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் இரைகிறது.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உங்கள் கிதார் கலைஞர்