மகளுக்கு, ஹட்டனிலிருந்து

அன்பு மகளுக்கு,

நீ லண்டன் ஹண்டேரியன் சர்ஜரி மியூசியத்தில் எடுத்து அனுப்பிய படங்களை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. டியூட்டி கூடவாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

வெல்வெட் விரித்த மரப்பெட்டி, அதற்குள் ரம்பம், கத்தி. பழைய காலத்துக் கைப்பிடிகள் தந்தத்திலும் கருங்காலியிலும் இருக்குமாம். தாத்தாதான் ஞாபகத்துக்கு வந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்தியச் சாமான்களைக் கொதிதண்ணீரில் அவித்துக்கொடுத்தே ரிட்டையர் ஆன மனுஷன். இந்தக் கைப்பிடிகளைக் கொதிதண்ணீரில் போட்டால் வெடித்துவிடும். லிஸ்டர் என்ற சர்ஜன் 1867இல், காயத்தில் கிருமி தொற்றாமல் தடுக்கும் கார்பாலிக் அமில வைத்தியத்தை வெளியிட்டார். பிறகு கிருமியைக் கொல்லக் கொதிநீர், நீராவி என்று வந்ததும் முழுவதும் உலோகத்திலேயே செய்தார்கள். தந்தப்பிடிக் கத்திகள் அலுமாரிக்குள் போயின. அதனாலேயே பல இன்று கண்ணாடிக்குள் இருக்கின்றன.

அதே 1867இல்தான் இங்கே இலங்கையில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் கிறீனின் 'இரண வைத்தியம்' என்ற சர்ஜரிப் புத்தகம் தமிழில் வந்ததும் அதே வருடம். அவர் தமிழிலேயே டாக்டர்களைப் படிப்பித்தவர். சாமான் அவித்தவரின் பேத்தி இன்று ஆபரேஷன் தியேட்டரில் கத்தி பிடிக்கிறாள். இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீ ஒரு போன் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

உன் படங்களுக்குப் பிறகு அந்தக் காலத்து சர்ஜன்களைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். மயக்க மருந்து 1846இல்தான் வந்தது. அதற்கு முன் நோயாளி விழித்திருக்கும்போதே வெட்ட வேண்டும், வேகம்தான் இரக்கம். வில்லியம் செசல்டன் என்று ஒருவர், 1752இல் இறந்தவர், சிறுநீர்ப்பைக் கல்லை ஒரு நிமிடத்துக்குள் எடுப்பாராம். அத்தனை கெட்டிக்காரருக்கும் ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்பும் மனம் கலங்கி, உடம்புக்கு முடியாமல் போகுமாம். அப்படியும் உள்ளே போனபின் கை தடுமாறவில்லையாம். இதை வாசித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தங்கச்சி ஏதோ சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் கிண்டிக் கேட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ராத்திரி டியூட்டி முடிந்தால் உடனே தூங்கு. வெறும் வயிற்றில் தியேட்டருக்குப் போகாதே. உன் பெரிய டாக்டரிடம் மனம்விட்டுப் பேசு, அவரும் இதைத் தாண்டித்தான் வந்திருப்பார். சர்ஜரியே வேண்டாம், வேறு பிரிவுக்குப் போகிறேன் என்றாலும் சரி. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன பிறகு போன் எடு. நான் தனியாக இருப்பேன். சாப்பிடு மகள்.

அப்பா