படம் வரைகிற வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ராத்திரி பேனாவை எடுப்பேன், நாளைக்கு எழுதலாம் என்று வைத்துவிடுவேன். போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று அம்மா வருத்தப்படுவதாக எழுதியிருந்தீர்கள். தப்பு என்மேல்தான். வேலைதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அறைக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், ஹீட்டர் அதிகம் தேவைப்படுவதில்லை. மாடிவீட்டுத் தாத்தாவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். இப்போது லிஃப்டுக்குள்ளும் காகிதம் ஒட்டிவிட்டார். கதவைத் திறக்கிற பட்டனும் மூடுகிற பட்டனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் மேல் 'திற', இன்னொன்றின் மேல் 'மூடு' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். மற்றவர்கள் கிழித்துப் போடுகிறார்கள், அவர் மறுபடி ஒட்டுகிறார். நான் கிழிப்பதில்லை. அவர் செய்வதும் என் வேலைதான்.

"இன்ஜினியரிங் படித்தவன் படம் வரையவா அவ்வளவு தூரம் போனான் என்று அண்ணன் கேட்கிறார், நான் என்ன சொல்வது?" என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு வருகிறேன். பெரியப்பாவுக்காக இல்லை, உங்களுக்காக.

நான் வரைவது வெறும் படம் இல்லை அப்பா. ஒருவர் போனைத் திறந்ததிலிருந்து வந்த காரியம் முடிகிறவரை எங்கே தடுமாறுவார், எங்கே பயப்படுவார் என்று யோசித்து வழி போடுகிற வேலை. இதைத்தான் டிசைன் என்கிறோம். இப்போது செய்வது மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கும் ஆப். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் ஸ்க்ரீன்களை வரைந்துவிட்டு, டெவலப்பர்கள் புரோகிராம் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால், வெளியாட்கள் அஞ்சு பேரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துப் பார்த்தோம். அஞ்சு பேர் போதும், பெரும்பாலான குறைகள் அதிலேயே தெரிந்துவிடும் என்று யாகோப் நீல்சன் என்ற இந்தத் துறை நிபுணர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். அவர்கள் தடுமாறும்போது நாம் உதவக்கூடாது, பேசாமல் பார்க்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

நாலாவதாக வந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கடைசி ஸ்க்ரீன்வரை வந்துவிட்டார். 'உறுதி செய்' என்ற பட்டனுக்கு மேலே ஆள்காட்டி விரல் அப்படியே நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, "இதை அமுக்கினால் பணம் போய்விடுமா?" என்று கேட்டார். போகாது என்று கீழே எழுதித்தான் இருந்தது, வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். இந்த அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது விதி. தெரிந்தே, அழகாக இருக்கட்டும் என்று விட்டவன் நான்.

அன்றைக்கே மாற்றினேன். 'இப்போது பணம் கட்ட வேண்டாம்' என்ற வரியைக் கறுப்பாக்கி பட்டனுக்கு மேலே கொண்டுவந்தேன். 'உறுதி செய்' என்பதை 'நேரத்தைப் பதிவு செய்' என்று மாற்றினேன். அவ்வளவுதான். மறு வாரம் பார்த்தவர்களில் யாரும் அந்த இடத்தில் நிற்கவில்லை.

அந்த எழுபது வயதுக்காரர் போனைப் பிடித்த விதம் அப்படியே நம் அம்மா. என்னால் அங்கே உட்கார முடியவில்லை, வராந்தாவுக்கு எழுந்து போய்விட்டேன். வீடியோ காலில் என் முகத்தைப் பெரிதாகப் பார்க்கப் போய், சிவப்புப் பட்டனில் விரல் பட்டு அம்மா காலைக் கட் பண்ணிவிடுவாள். "எத்தனை தடவைம்மா சொல்றது" என்று கத்தியிருக்கிறேன். அம்மாமேல் என்ன தப்பு? விரல் போகிற இடத்தில் அந்தப் பட்டனை வைத்தவன்மேல்தான் தப்பு. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வீட்டுத் திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் பேசினால் போதும் என்றிருக்கிறது அப்பா.

சரி. ஆபீஸில் இப்போது எங்கள் பக்கம் நிறைய இடம் இருக்கிறது, ஜன்னலோர மேஜை எனக்கே கிடைத்துவிட்டது. கான்ட்ராக்டை மார்ச்சில் புதுப்பிப்பார்கள். இந்த மாதப் பணம் ஒரு பத்து நாள் தள்ளி வரும், வங்கியில் கொஞ்சம் தாமதம். அதனால் மொட்டைமாடி ஒழுகலை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கண் ஆபரேஷனை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அது வந்துவிடும். தம்பி கூட இருக்கட்டும், சொட்டு மருந்து எந்தெந்த நேரத்தில் என்று பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

அவன் டிசைன் பக்கம் போகிறேன் என்றானாம், நீங்கள் இரண்டு நாள் பேசவில்லையாம். கோபப்படாதீர்கள். நானும் புரோகிராம் எழுதத்தான் சேர்ந்தேன். சொன்னதையெல்லாம் கட்டிக் கொடுத்து, யாருமே அதைத் தொடாமல் போனதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன். சீனியர் ஆனபின் இரண்டு வழி இருக்கிறது. ஆட்களை நடத்தும் மேனேஜராகலாம், இல்லை பிரின்சிபல் டிசைனர் என்று கடைசிவரை வேலையிலேயே இருக்கலாம். முதல் வேலை கிடைப்பதுதான் பாடு, அதை அவனிடம் மறைக்க வேண்டாம். செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டுகிற போர்ட்ஃபோலியோவில் மூன்று வேலை இருந்தால் போதும். அழகான ஸ்க்ரீனை மட்டும் வைக்காமல், யாருக்காகச் செய்தான், எதைத் தப்பாக நினைத்திருந்தான், எப்படி மாற்றினான் என்று எழுதச் சொல்லுங்கள். புரோகிராம் எழுதுவதையும் விடாமல் படிக்கட்டும். எனக்கு அனுப்பினால் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அத்தை கேட்ட கையெழுத்துத் தாளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், வந்ததும் தெரியப்படுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிடுகிறேன். போன் அம்மா கையிலேயே இருக்கட்டும். கட்டானால் மறுபடி கூப்பிடுவேன்.

அன்புடன்,
உங்கள் மகன்